ஒரு கொம்புக்கு ஒரு சுரம்

மத்திய ஆப்பிரிக்கக் குடியரசில் பம்பாரி, இப்பி ஆகிய ஊர்களின் பக்கம் வாழும் பண்டா மக்களில் லிண்டா என்றொரு பிரிவினர் உண்டு. அவர்களுடைய கொம்பின் பெயர் ஓங்கோ. சிறியவை மான்கொம்பில் ஆனவை. பெரியவை மரத்தைக் குடைந்து செய்தவை, சில ஆளுயரம் இருக்கும். எந்தக் கொம்பானாலும் ஊதுபவன் பங்குக்கு ஒரு சுரம்தான்.

பதினெட்டுப் பேர்வரை சேர்ந்து ஊதுவார்கள். சுரங்கள் ஐந்து, நம் காதுக்கு மோகனம் போலக் கேட்கும். ஐந்தைந்து கொம்புகள் ஒரு குடும்பம். குடும்பத்துக்குக் குடும்பம் ஸ்தாயி இறங்கிக்கொண்டே போகும். மேல் ஸ்தாயிக் கொம்பு முதலில் தொடங்க, அதன் காலத்தைப் பிடித்துக்கொண்டு அடுத்தது, பிறகு அதற்கடுத்தது என ஒவ்வொன்றாக நுழையும். ஒருவன் விட்ட இடத்தில் இன்னொருவனின் சுரம் விழுகிறது. எல்லாரும் சேர்ந்தபின் யார் எதை ஊதினார் என்று பிரித்தறிவது கடினம்.

இந்த இசை வழிவழியாக விடலைப் பையன்களின் தீட்சைச் சடங்கோடு பிணைந்தது. சடங்குக்குப் பின்னணியாக மேளம் வாசித்தார்கள் என்று இதைச் சொல்லிவிடக் கூடாது. தன் முறை வரும்வரை வாய்மூடிக் காத்திருப்பதும், வந்த கணத்தில் தவறாமல் ஊதுவதும், பக்கத்தில் நிற்பவனை இடைவிடாமல் கேட்பதுமே இங்கே பயிற்சி. பெரியவனாவது என்றால் என்ன என்பதைப் பையனின் மூச்சுக்கே கற்றுக்கொடுக்கும் ஏற்பாடு இது என்றே நான் கருதுகிறேன்.

வெளியிலிருந்து வந்தவர்கள் பலர் முதலில் கண்டது உடலைத்தான். ரெனே மரான், இந்த நாடு உபாங்கி-ஷாரி என்ற பெயரில் இருந்தபோது அங்கே பிரெஞ்சுக் காலனி அதிகாரியாக இருந்தவர், கறுப்பினத்தவர். 1921-இல் கோன்கூர் பரிசு பெற்ற அவருடைய ‘பத்துவாலா’ நாவலில் கன்சா என்னும் தீட்சை விழாவின் ஆட்டமும் சுன்னத்தும் பெண்களுக்கான உறுப்புச் சிதைப்பும் வருகின்றன. 1924–25-இல் ஆப்பிரிக்காவைக் கடந்த சித்ரோயென் கார் நிறுவனத்தின் பயணக் குழுவோடு சென்ற ஓவியர் யாக்கோவ்லெவ், உடல் முழுக்க வெள்ளை பூசிய கன்சா ஆட்டக்காரர்களைத் தீட்டினார். பெண்களுக்கு இழைக்கப்பட்ட அந்தக் கொடுமையை நாட்டின் சட்டம் 1966-இல் தடைசெய்தது. ஆட்டத்தின் அழகைப் பேசும்போது இதை மறைப்பது நேர்மையாகாது.

காதால் அணுகியவர் சிம்ஹா அரோம். ஜெருசலேம் வானொலி இசைக்குழுவில் கொம்பு வாசித்தவர்; பித்தளை வாத்தியக் குழு ஒன்றை அமைப்பதற்காக 1963-இல் தலைநகர் பாங்கிக்கு வந்தவர், உள்ளூர் இசையிலேயே கரைந்துபோனார். பின்னிக் கிடக்கும் இந்த இசையை எழுதிவைக்க வழி தெரியாமல் அவர் ஒரு முறையைக் கண்டுபிடித்தார். முதல் கொம்பைத் தனியே பதிவுசெய்வார். அந்தப் பதிவைக் காதொலிப்பான் வழியாக இரண்டாமவனின் காதில் ஒலிக்கவிட்டு, அவன் ஊதுவதைப் பதிவார். இருவரின் ஒலியும் மூன்றாமவன் காதுக்குப் போகும். ஒவ்வொரு பங்கின் அடியிலும் இருந்த எளிய அச்சு இப்படித்தான் வெளிப்பட்டது. பிற்பாடு லிகெட்டி போன்ற ஐரோப்பிய இசையமைப்பாளர்களை அசைத்ததும் இந்தப் பதிவுகளே.

எனக்கோ அந்தக் காதொலிப்பான்தான் முக்கியம். கலைஞன் தன்னந்தனியாக நின்று ஊதிய அந்த வேளையிலும், பக்கத்துக் கொம்பின் ஒலியை அவன் காதுக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது.