சீட்டுக்கட்டுக் கம்பெனியின் மெக்கானிக்

மலர்க் குழுவினர் விடுதி நாட்களைப் பற்றி எழுதச் சொன்னார்கள். அதை எப்படியும் நாலு பேர் எழுதுவார்கள். நான் அந்த விடுதியில் பார்த்த ஒரு சாமானைப் பற்றி எழுதுகிறேன்.

மூன்றாம் ஆண்டில் நண்பன் ஒருவனுக்கு அவன் மாமா சிங்கப்பூரிலிருந்து 'கேம் பாய்' வாங்கி வந்தார். மங்கலான பச்சைத் திரை. பேட்டரிக்கு ஆளுக்கு ஒரு ரூபாய் வசூல் செய்து, வரிசையில் நின்று டெட்ரிஸ் ஆடினோம். "என்னடா இது, கலர்கூட இல்லை!" என்று எலக்ட்ரானிக்ஸ் படிக்கிற திமிரில் சொன்னவன் அடியேன்தான்.

கலர் இல்லாததற்குக் காரணம் இருந்தது. அது எனக்குத் தெரிய பல வருஷம் ஆயிற்று.

நின்டெண்டோ 1889-ல் ஜப்பானின் கியோட்டோ நகரில் சீட்டுக்கட்டு செய்யத் தொடங்கிய கம்பெனி. 1965-ல் அங்கே இயந்திரப் பராமரிப்பு வேலைக்குச் சேர்ந்தவர் குன்பெய் யோகோய். நம்மைப் போல ஒரு இன்ஜினியர்தான். பொழுதுபோகாமல் அவர் செய்த இழுத்து நீட்டும் கை பொம்மை முதலாளி யமவுச்சியின் கண்ணில் பட்டது. திட்டு விழும் என்று பார்த்தால், அதையே விற்பனைக்குத் தயார் செய்யச் சொல்லிவிட்டார்!

பிறகு ரயிலில் ஒருவர் கால்குலேட்டரைத் தட்டிப் பொழுது போக்குவதைப் பார்த்து, 1980-ல் 'கேம் அண்ட் வாட்ச்' கொண்டுவந்தார். வீட்டு டிவியில் மாட்டும் 'ஃபாமிகாம்' 1983-ல் வந்தது. அது வேறொரு குழுவின் வேலை. ஆனால் அதில் கட்டைவிரலால் அழுத்தும் சிலுவைப் பொத்தான், யோகோய் முந்தைய வருஷம் கைக்கருவிக்காகச் செய்தது.

பழகி, மலிந்துபோன தொழில்நுட்பத்தைப் புது விதமாகப் பயன்படுத்து என்பது அவர் கொள்கை. 1989-ல் வந்த கேம் பாய்க்கு நாலு பேட்டரி போதும், பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடும். அடாரியின் லிங்க்ஸும் சேகாவின் கேம் கியரும் கலரில் வந்தன. ஆறு பேட்டரியைச் சில மணி நேரத்தில் தின்று தீர்த்தன. கேம் பாயும் பின்னால் வந்த அதன் கலர் மாடலும் சேர்ந்து 11 கோடியே 80 லட்சத்துக்கு மேல் விற்றன. நான் கேலி செய்த திரைதான் ஜெயித்தது.

இந்தக் கம்பெனி சறுக்காமலும் இல்லை. போட்டியாளர்கள் சிடிக்கு மாறியபோது, 1996-ல் வந்த 'நின்டெண்டோ 64' பழைய கார்ட்ரிட்ஜையே பிடித்துக்கொண்டு பிளேஸ்டேஷனிடம் தோற்றது. 2006-ன் 'வீ' பத்துக் கோடியைத் தாண்டியது. அடுத்து வந்த 'வீ யூ' ஒன்றரைக் கோடியைக்கூடத் தொடவில்லை. 2017-ன் 'ஸ்விட்ச்' வீட்டுக் கருவி, கைக்கருவி இரண்டையும் ஒன்றாக்கியது.

யோகோய் அதையெல்லாம் பார்க்கவில்லை. 1995-ல் அவருடைய 'வர்ச்சுவல் பாய்' படுதோல்வி. மறு வருஷம் வேலையை விட்டார். 1997 அக்டோபரில் சாலை விபத்தில் இறந்தார். வேறொரு கம்பெனிக்காக அவர் உருவாக்கிக்கொண்டிருந்த 'வொண்டர்ஸ்வான்' 1999-ல் கடைக்கு வந்தது. அதிலும் கலர் இல்லை. ஒரே ஒரு பென்சில் பேட்டரியில் ஓடியது.