இன்டர்லேஸ்: தறிச் சொல் திரைக்கு வந்த கதை

கல்முனையில் கலியாண வீடியோ எடிட் பண்ணுகிற எவரும் புதிய புரொஜெக்ட் ஒன்றைத் திறந்ததும் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். படம் 'இன்டர்லேஸ்ட்'டா, 'புரொகிரசிவ்'வா? இன்டர்லேஸ்ட் என்றால் அப்பர் ஃபீல்ட் முதலா, லோவர் ஃபீல்ட் முதலா? முன்பு யாரோ காட்டித் தந்ததைத் தெரிவுசெய்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம். சொல் விளங்காததால் அது குறிக்கும் அமைப்பும் விளங்காமலே கிடக்கிறது. அந்தச் சொல் குறிக்கும் வேலையோ, கல்முனைக்குச் சற்று வடக்கே மருதமுனைத் தறிகளில் தலைமுறை தலைமுறையாக நடந்துவருகிற வேலைதான்.

சொல்லின் வேரிலிருந்து தொடங்குவோம். லத்தீனில் 'லாக்வேயுஸ்' என்றால் கண்ணி, சுருக்கு. அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து 'லேஸ்' ஆனது. முதலில் சுருக்கையும் இழுத்துக் கட்டும் கயிற்றையும் குறித்தது. பின்னர் நூலால் பின்னிய மென்துணிக்கும் பெயரானது. சப்பாத்துக்குக் கட்டும் லேஸும், சட்டை ஓரத்தில் வைத்துத் தைக்கும் லேஸும் இப்படிப் பிறந்த உடன்பிறப்புகள். 'இன்டர்' என்றால் இடையே. ஒன்றின் இடையே மற்றொன்றைக் கோத்துப் பின்னுவது இன்டர்லேஸ். தொலைக்காட்சி பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இந்தச் சொல் ஆங்கிலத்தில் இருந்தது.

தொலைக்காட்சிக்கு இந்தப் பின்னல் ஏன் தேவைப்பட்டது? பழைய குழாய்த் திரையில் ஓர் எலக்ட்ரோன் கதிர் இடமிருந்து வலமாக, வரிவரியாக ஓடிப் படத்தை எழுதும். எழுதிய வரி உடனே மங்கத் தொடங்கும். விநாடிக்கு 25 படம் மட்டும் எழுதினால் திரை கண்ணைப் பறிக்கும்படி துடிக்கும். 50 முழுப் படம் எழுதினால் துடிப்பு அடங்கும். ஆனால் அவற்றைச் சுமந்துவர இரு மடங்கு அலைவரிசை அகலம் வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஒரு வழி கண்டார்கள். முதல் ஓட்டத்தில் 1, 3, 5 என ஒற்றை வரிகள். அடுத்த ஓட்டத்தில் அவற்றின் இடைவெளியில் 2, 4, 6 என இரட்டை வரிகள். துடிப்பு 50; சுமையோ 25 படத்தினுடையது.

1930இல் ஜெர்மனியின் டெலிஃபுங்கன் நிறுவனத்தில் ஃபிரிட்ஸ் ஷ்ரோட்டர் இந்த வழிக்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். அமெரிக்காவில் ஆர்.சி.ஏ. நிறுவனத்தின் ராண்டால் பல்லார்ட் 1932இல் தமது முறையைப் பதிவுசெய்தார். 1936 நவம்பர் 2ஆம் திகதி இலண்டன் அலெக்ஸாண்ட்ரா அரண்மனையிலிருந்து பிபிசி ஒளிபரப்பைத் தொடங்கியபோது, 405 வரிப் படம் இப்படிப் பின்னப்பட்டே வந்தது. 405, 525, 625 ஆகிய வரிக்கணக்குகள் மூன்றும் ஒற்றைப்படை. அதற்கும் காரணம் உண்டு. 625ஐ இரண்டாகப் பிரித்தால் 312 அரை. அந்த அரை வரிதான் இரண்டாம் ஓட்டத்தை முதல் ஓட்டத்தின் இடைவெளியில் சரியாகக் கொண்டுபோய் விழுத்துகிறது.

ஜெர்மானியர் இதற்கு வைத்த பெயர் 'ட்ஸைலன்ஷ்ப்ருங்', அதாவது வரித்தாவல். அவர்கள் தாவி ஓடும் கதிரைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள். ஆங்கிலேயர் அந்த ஓட்டத்தில் உருவாகும் துணியைப் பார்த்து வைத்தார்கள்.

நாமும் துணியைப் பார்ப்போம். நீளவாக்கில் விரித்துக் கட்டியது பாவு. அதன் ஊடே குறுக்கில் ஓடுவது ஊடை. நெசவாளர் ஒரு மிதியை அழுத்தினால் ஒற்றை இழைகள் மேலெழும், நாடா பாயும். மறு மிதியை அழுத்தினால் இரட்டை இழைகள் எழும், நாடா திரும்பும். இரண்டு மிதியும் மாறிமாறி விழுந்தால்தான் சாறன் துணியாகும். திரையில் இரண்டு ஓட்டமும் மாறிமாறி விழுந்தால்தான் படம் முழுமையாகும். மருதமுனையில் தறிச் சத்தம் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

ஒவ்வோர் ஓட்டத்திலும் எழுதிய பாதிப் படம் 'ஃபீல்ட்'. தமிழில் அதைப் புலம் எனலாம். வயலுக்கும் ஆகும், காட்சிப் பரப்புக்கும் ஆகும் என்ற இரட்டைப் பொருள் ஆங்கிலச் சொல்லைப் போலவே புலத்துக்கும் உண்டு. இரண்டு புலம் சேர்ந்தது ஒரு 'ஃபிரேம்', ஒரு சட்டம்.

இலங்கையில் 1979 ஏப்ரல் 13ஆம் திகதி சுயாதீன தொலைக்காட்சி தொடங்கியது; 1982 பெப்ரவரி 15ஆம் திகதி ரூபவாஹினி வந்தது. நாம் பெற்றது பால் முறை: 625 வரி, விநாடிக்கு 50 புலம், 25 சட்டம். நம் மின்சாரமும் விநாடிக்கு 50 சுற்று. அந்தக் கணக்கிலேயே விஎச்எஸ் கசெட்டும் பின்னர் மினிடிவி கசெட்டும் நம் வீடுகளுக்கு வந்தன. இதே படத்தைச் சிலர் '50i' என்றும் சிலர் '25i' என்றும் எழுதுவதால் குழப்பம் வருகிறது. முன்னது புலத்தை எண்ணுகிறது. பின்னது சட்டத்தை எண்ணுகிறது. படம் ஒன்றே.

கணினித் திரை வரிகளைப் பின்னி எழுதுவதில்லை. முழுச் சட்டத்தையும் ஒருமிக்கக் காட்டுகிறது. அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. களிகம்பு ஆட்டம் பதிந்த பழைய கசெட் ஒன்றைக் கணினியில் நிறுத்திப் பாருங்கள். ஒற்றை வரிகள் பதிந்ததற்கும் இரட்டை வரிகள் பதிந்ததற்கும் நடுவே விநாடியின் ஐம்பதில் ஒரு பங்கு கழிந்திருக்கிறது. அதற்குள் கம்பு நகர்ந்துவிட்டது. ஆகவே கம்பின் ஓரம் சீப்புப் பல்லாகத் தெரியும். அசையாத சுவரில் அந்தப் பல் இல்லை. இது கசெட்டின் பழுதல்ல. இரண்டு வேறு கணங்கள் ஒரே சட்டத்தில் நிற்பதன் அடையாளம்.

புல வரிசை பிழைத்தால் நிலைமை இன்னும் மோசம். மினிடிவியில் கீழ்ப்புலம் (லோவர் ஃபீல்ட்) முந்தியது. 1080 வரி எச்டி படத்தில் மேற்புலம் (அப்பர் ஃபீல்ட்) முந்தியது. மாற்றிக் கொடுத்தால் 1, 2, 3, 4 என்று வரவேண்டிய கணங்கள் 2, 1, 4, 3 என்று வரும். ஆடுபவர் முன்னும் பின்னுமாக நடுங்குவார். மிதியை மாற்றி மிதித்த தறி போல அசைவின் இழை அறுந்துபோகும்.

எனவே மினிடிவி கசெட்டைக் கணினியில் ஏற்றும்போது புரொஜெக்ட் 720க்கு 576, 25 சட்டம், கீழ்ப்புலம் முதல் என்று இருக்கட்டும். அந்த மூலப்பிரதியை அப்படியே சேமித்து வையுங்கள். கைபேசிக்கு வேண்டிய பிரதியைத் தனியாக எடுங்கள். ஒவ்வொரு புலத்தையும் ஒரு முழுச் சட்டமாக விரித்து, விநாடிக்கு 50 சட்டமாக ஆக்குங்கள். உயரத்தைக் கூட்டுவதோ குறைப்பதோ எல்லாம் புலங்களைப் பிரித்த பிறகே. முன்னே செய்தால் இரண்டு கணங்களின் வரிகளும் கலந்துபோகும். அதன்பின் எந்த மென்பொருளாலும் பிரிக்க முடியாது.

இன்டர்லேஸுக்கு 'ஊடிழை' என்று சொல்லலாம் என்பது என் எண்ணம். ஊடு என்பது இடை. ஊடை என்ற தறிச் சொல்லோடு ஒட்டி நிற்பது. இழை என்பது நூல். நம் கரையில் பன்பாய் இழைக்கிறார்கள் என்னும்போது அதுவே வினையுமாகிறது. ஊடிழைப் படம் என்று கேட்டதுமே பின்னல் கண்ணில் தெரியும். புரொகிரசிவ் என்பதற்குத் தொடர்வரி போதும். 'டி-இன்டர்லேஸ்' என்பது இழைபிரித்தல்.

2012இல் வந்த அதிதெளிவு (யுஎச்டி) தொலைக்காட்சித் தரத்தில் ஊடிழைக்கு இடமே இல்லை. புதிய படங்களுக்கு அது தேவையில்லை. ஆனால் 2004 டிசம்பர் 26ஆம் திகதிச் சுனாமிக்குத் தப்பிய கசெட்டுகள் இந்தக் கரையின் வீடுகளில் இன்னும் இருக்கின்றன. அவற்றில் இருப்பவர்களில் பலர் இன்று இல்லை. அவை எல்லாம் ஊடிழைப் படங்கள். அவசரத்தில் ஒரு புலத்தை எறிந்துவிட்டு மற்றதை மட்டும் வைத்துக்கொள்ளும் அமைப்பைத் தெரிவுசெய்தால், ஒரு விநாடியில் ஐம்பது தடவை பதிந்த உம்மாவின் கையசைப்பில் இருபத்தைந்தை நாமே அழித்துவிடுகிறோம். புரொஜெக்ட் திறக்கும்போது அந்தக் கேள்விக்கு நின்று பதில் சொல்லுங்கள்.