பட்டம் வாங்காத ஆமை விஞ்ஞானி

சாதனையாளர் பட்டியல் போட்டால் பட்டம், பதவி என்றுதான் நாம் ஆரம்பிப்போம். சதீஷ் பாஸ்கர் அந்தக் கணக்கில் வரமாட்டார். சென்னை ஐ.ஐ.டி.யில் பொறியியல் படிப்பைப் பாதியில் விட்டவர். ரோமுலஸ் விட்டேக்கரின் கிண்டி பாம்புப் பண்ணையில் சேர்ந்து, 1970-களின் பிற்பாதியில் கடலாமை தேடிக் கரையோரமாக நடக்கத் தொடங்கினார். எந்தக் கரையில் எந்த ஆமை முட்டையிடுகிறது என்பதற்கே அப்போது நம் நாட்டில் சரியான பதிவு கிடையாது.

1982-ல் அவர் செய்ததைத்தான் நான் பார்க்கிற மாணவர்களிடமெல்லாம் சொல்வேன். லட்சத்தீவின் சுஹேலியில் பேராமை கரையேறுவது மழைக்காலத்தில். அந்த மாதங்களில் படகு போகாது. மனுஷர் என்ன செய்தார்? மழைக்கு முன்னாலேயே சாமான்களோடு போய் இறங்கி, ஆளில்லாத தீவில் மாதக்கணக்கில் தனியாக இருந்துவிட்டார்! மனைவிக்கு ஒரு கடிதம் எழுதி, பாட்டிலில் அடைத்துக் கடலில் விட்டார். அது இலங்கையில் ஒரு மீனவர் கையில் கிடைக்க, அவர் அதைத் தபாலில் அனுப்பிவைத்தார். கதை மாதிரி இருக்கும், நடந்ததுதான்.

பிறகு அந்தமான், நிக்கோபார். கடலாமைகளிலேயே பெரியதான தோணி ஆமை, கிரேட் நிக்கோபாரின் கலாத்தியா கரையில் முட்டையிடுவதைப் பதிவு செய்தார். 2021-ல் துறைமுகத் திட்டத்துக்காக கலாத்தியாவின் சரணாலய அறிவிப்பு விலக்கப்பட்டது. 2023-ல் அவரும் காலமானார். அந்தக் கரையில் முன்பு என்ன இருந்தது என்று யாராவது கேட்டால், எடுத்துக் காட்ட அவர் நடந்து எழுதிய கணக்கு இருக்கிறது.