லெவிட்டவுன்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நியூயார்க் ராஜ்யத்தில், லாங் தீவின் நாசோ கவுண்டியில் உள்ள புறநகர்க் குடியிருப்பு. இரண்டாம் உலக யுத்தம் முடிந்தபின், 1947க்கும் 1951க்கும் இடையே, லெவிட் அண்டு சன்ஸ் என்னும் கம்பெனியாரால் நிர்மாணிக்கப்பெற்ற இவ்விடத்தில் 17,447 வீடுகள் எழுந்தன.

தோற்றம்: 1930களின் பொருளாதார மந்தத்தாலும், பின்னர் யுத்தகாலத்துத் தட்டுப்பாடுகளாலும் வீடு கட்டும் தொழில் முடங்கிக் கிடந்தமையால், போர்முனையிலிருந்து திரும்பிய வீரர்களிற் பலர், மணம் முடித்தும் தனிக்குடித்தனம் நடத்த இடமின்றிப் பெற்றோர் இல்லங்களிலேயே ஒதுங்க நேர்ந்தது. இவர்களுடைய வீட்டுக் கடனுக்கு அரசாங்கமே பிணை நிற்க 1944ஆம் ஆண்டுச் சட்டம் வகை செய்தது. நூற்புழுவால் நசித்துவந்த உருளைக்கிழங்கு வயல்களை ஏப்ரகாம் லெவிட்டும் அவர் குமாரர்களான வில்லியம், ஆல்பிரட் ஆகியோரும் வாங்கி, முதலில் மாதம் 60 டாலர் வாடகைக்கென வீடுகளைக் கட்டலாயினர். 1947 அக்டோபரில் முதற் குடும்பங்கள் குடிபுகுந்தன. ஐலண்டு ட்ரீஸ் என வழங்கிய இடம், அடுத்த ஆண்டில் லெவிட் குடும்பத்தின் பெயரைப் பெற்றது.

நிர்மாண முறை: யுத்தகாலத்தில் வர்ஜீனியாவின் நார்போக்கில் கடற்படைத் தொழிலாளருக்கு வீடு கட்டியபோது கண்ட அனுபவமே இதற்கு அடிப்படை. தொழிற்சாலையில் பொருள் நகர, ஆள் நிற்பான். இங்கோ வீடு நிற்க, ஒரே வேலையில் தேர்ந்த குழுக்கள் மனைக்கு மனை நகர்ந்தன. அளவாக அறுத்த மரம் மனைவாசலுக்கே வந்திறங்கியது. நிலவறை வேண்டுமென்ற விதியை, திரண்டு வந்த வீரர்களின் வற்புறுத்தலால் ஹெம்ப்ஸ்டெட் ஊராட்சி மாற்றியமையின், கான்கிரீட் தளத்தின்மேலேயே வீடு எழுப்ப முடிந்தது. தளத்துள் பதித்த செப்புக் குழாய்களில் வெந்நீர் ஓடிக் குளிர்காலத்தில் வீட்டுக்கு வெப்பமூட்டிற்று. வேலை மும்முரமான நாட்களில் தினம் முப்பதுக்கு மேற்பட்ட வீடுகள் முடிவுற்றன. ஏறத்தாழ 750 சதுர அடியுள்ள ‘கேப் காட்’ வீடுகளையடுத்து, 1949இல் ‘ராஞ்ச்’ வகை வீடுகள் 7,990 டாலருக்கு விற்பனைக்கு வந்தன.

சமுதாயம்: வேலியிடலாகாது, புல்தரையை வாரந்தோறும் சீராக்க வேண்டும் என்பனபோன்ற விதிகளோடு, வெள்ளையர் அல்லாதார், பணியாட்களாகவன்றிக் குடியிருக்கலாகாது என்ற நிபந்தனையும் ஆதிப் பத்திரங்களில் இருந்தது. இத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்தலாகாதென 1948இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்த பின்னும், கறுப்பினத்தார்க்கு வீடு மறுக்கும் வழக்கம் ஒழியவில்லை. வீட்டு விற்பனையில் இனபேதத்தைத் தடுக்கும் தேசியச் சட்டம் பிறந்தது 1968இல்தான்.

பிற்கால நிலை: இதே முறையைப் பின்பற்றி லெவிட் கம்பெனியார் பென்சில்வேனியாவிலும் நியூஜெர்சியிலும் இதே பெயரில் குடியிருப்புகளை அமைத்தனர். நியூயார்க் லெவிட்டவுனில் உரிமையாளர்கள் மாடி எடுத்தும் அறை கூட்டியும் வீடுகளைத் திருத்திக்கொண்டமையால், ஒரே அச்சில் வார்த்தாற்போன்ற ஆதித் தோற்றத்தோடு நிற்பவை மிகச் சிலவே. குடிகளின் சேர்க்கையோ அவ்வளவு விரைவில் மாறவில்லை. கறுப்பினத்தார் இன்றும் அங்கே மிகச் சிறு தொகையினரே.