சார்ந்த வகைகள்

ஒரு மதிப்பின் வகை இன்னொரு மதிப்பைப் பொறுத்து அமையலாம் என்று நிரல்மொழி இடம்கொடுக்கும்போது கிடைப்பவை சார்ந்த வகைகள். பெரும்பாலான மொழிகளில் ‘முழு எண்களின் பட்டியல்’ என்று அறிவிக்கலாம். சார்ந்த வகைகள் உள்ள மொழியில் ‘இத்தனை முழு எண்கள் கொண்ட பட்டியல்’ என்றே அறிவிக்கலாம். அந்த எண்ணிக்கை நிரல் ஓடும்போதுதான் தெரியவரும் என்றாலும் தடையில்லை. இரண்டு பட்டியல்களை இணைக்கும் செயற்கூறு, விடையின் நீளம் அவ்விரண்டின் நீளங்களின் கூட்டுத்தொகையே என்று தன் வகையிலேயே உறுதி தரும். அந்த உறுதியைக் காக்காத நிரலைக் கம்பைலர் ஏற்காது.

இதன் வேர் கணினியில் இல்லை, தருக்கவியலில் இருக்கிறது. கூற்றுகளுக்கும் வகைகளுக்கும் உள்ள ஒற்றுமையை ஹாஸ்கெல் கர்ரி 1934-இல் கவனித்தார். ஒரு கூற்றை வகையாகவும் அதன் நிரூபணத்தை நிரலாகவும் படிக்கலாம் என்பதை வில்லியம் ஹோவர்டு 1969-இல் ஒரு கைப்பிரதியில் விரித்தெழுதினார். அது அச்சேறியது 1980-இல். ‘எல்லா எண்களுக்கும் இது பொருந்தும்’ என்ற கூற்றை அப்படிப் படிக்க வேண்டுமானால், வகைக்குள் எண் வந்தே ஆக வேண்டும். நெதர்லாந்தின் ஐந்தோவனில் நிக்கோலாஸ் டி ப்ரய்ன் 1967-இல் தொடங்கிய ஆட்டோமேத் திட்டம் இதைக் கணினியில் செய்துகாட்டியது. எட்மண்ட் லாந்தாவின் பகுப்பாய்வு அடித்தள நூல் முழுவதும் ஆட்டோமேத்தில் பெயர்த்தெழுதப்பட்டு, வரிவரியாகச் சரிபார்க்கப்பட்டது.

இத்துறைக்கு இன்றைய வடிவம் தந்தவர் சுவீடனின் பேர் மார்ட்டின்-லோஃப். 1971-இல் அவர் எழுதிய முதல் வடிவத்தில், வகைகள் அனைத்தையும் உள்ளடக்கிய ஒரு வகை இருந்தது; அது தன்னையும் உள்ளடக்கியது. அதிலிருந்து முரண்பாடு பிறக்கும் என்று பிரான்சின் ஷான்-ஈவ் ஷிரார் காட்டினார். முரண்பாடு இருந்தால் எந்தக் கூற்றையும் நிரூபித்துவிடலாம். அப்படிப்பட்ட அமைப்பு தரும் நிரூபணத்துக்கு மதிப்பில்லை. அதன் பிறகு வகைகள் ஒன்றுக்கு மேல் ஒன்றாகப் படிநிலைகளில் அடுக்கப்பட்டன. அந்த அடுக்கு இன்றைய அக்டா, லீன் ஆகிய மொழிகளிலும் தொடர்கிறது. தியெரி கோகானும் ஜெரார் உவேயும் 1980-களில் வகுத்த கணிப்பு முறையிலிருந்து நிரூபணங்களைச் சரிபார்க்கும் கோக் மென்பொருள் பிரான்சில் பிறந்தது. இப்போது அதன் பெயர் ராக். எந்த நிலவரைபடத்துக்கும் நான்கு வண்ணங்கள் போதும் என்னும் நான்கு வண்ணத் தேற்றத்தின் முழு நிரூபணத்தை ஜார்ஜ் கோந்தியே 2005-இல் சரிபார்த்தது அதில்தான்.

நிரூபிக்கும் கருவியாக இருந்ததை அன்றாட நிரலாக்கத்துக்குக் கொண்டுவரும்போது ஒரு கடினமான கேள்வி எழுகிறது. வகைக்குள் கணக்கு இருக்கிறது. ஆகவே இரண்டு வகைகள் ஒன்றா என்று பார்க்கக் கம்பைலரே நிரலின் ஒரு பகுதியை ஓட்டிப் பார்க்க வேண்டும். அந்தப் பகுதி முடியவே முடியாத சுழற்சியில் சிக்கினால்? 1998-இல் இரண்டு எதிரெதிரான விடைகள் வந்தன. ஹாங்வெய் ஷீயும் ஃபிராங்க் ஃபென்னிங்கும் வகைக்குள் எளிய எண் சமன்பாடுகளையும் சமனின்மைகளையும் மட்டுமே அனுமதித்தார்கள். சரிபார்ப்பு கட்டாயம் முடியும்; அணியின் எல்லையை நிரல் ஓடும்போது சோதிக்கும் வேலையும் பல இடங்களில் மிச்சமாகும். லென்னார்ட் ஆகஸ்ட்சனின் கயேன் மொழியோ எந்தக் கோவையையும் வகைக்குள் விட்டது. சரிபார்ப்பு முடியாமலும் போகலாம் என்பதை அவர் விலையாக ஏற்றார். உல்ஃப் நோரெல் 2007-இல் புதிதாக வடிவமைத்த அக்டா, எல்லாச் செயற்கூறுகளும் முடிவுக்கு வருபவை என்று காட்டக் கேட்கிறது. எட்வின் பிரேடியின் இட்ரிஸ் முடியாத நிரல்களையும் எழுதவிடுகிறது. ஆனால் முடியும் என்று உறுதியானவற்றை மட்டுமே வகைகளுக்குள் கணக்கிடுகிறது. நிரல் எழுதுபவரின் தேவையை நன்றாகப் புரிந்துகொண்ட ஏற்பாடு இட்ரிஸினுடையதே. என்றென்றும் ஓட வேண்டிய சர்வரை எழுதுபவருக்கும் அதில் இடம் உண்டு.

இங்கே ஒரு தவறான புரிதலை விலக்க வேண்டும். பயனரோ நெட்வொர்க்கோ அனுப்பும் எண்ணைக் கம்பைலர் முன்கூட்டி அறியாது. 2014-இல் வெளிப்பட்ட ஹார்ட்பிளீட் பிழையில், வந்த செய்தி தன் நீளம் என்று சொன்ன எண்ணை, இணையத் தொடர்பை மறையாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருள் அப்படியே நம்பி, நினைவகத்தில் அப்பால் இருந்த பிறருடைய தரவுகளையும் திருப்பி அனுப்பியது. சார்ந்த வகைகள் இருந்திருந்தாலும் அந்த எண் சரியா என்ற சோதனை நிரல் ஓடும்போதுதான் நடந்திருக்கும். ஆனால், சோதனை நடந்ததற்கான சான்று கையில் இல்லாமல் தரவைப் படிக்கும் வரி கம்பைல் ஆகியிருக்காது. சோதிக்க மறப்பதற்கே வழியில்லாமல் போகிறது. கம்பைல் நேரச் சரிபார்ப்பின் ஆற்றல் முழுவதும் இதில்தான்.

விலை, நிரூபணம் எழுதும் உழைப்பு. வழக்கமான வரையறையில், சுழியத்துடன் ஒரு எண்ணைக் கூட்டினால் அதே எண் என்பது அக்டாவுக்குத் தானாகவே தெரியும். அந்த எண்ணுடன் சுழியத்தைக் கூட்டினாலும் அதுவே என்பதைத் தொகுத்தறி முறையில் நிரூபித்துக் காட்ட வேண்டும். பெரிய நிரல்களில் இத்தகைய சிறு நிரூபணங்கள் நூற்றுக்கணக்கில் சேர்ந்துவிடும். வெகுமக்கள் மொழிகள் அதனால் இதில் ஒரு துண்டை மட்டும் எடுத்துக்கொண்டன: ரஸ்ட் 2021-இல் அணியின் நீளத்தை வகையின் அளபுருவாக்க வழிசெய்தது, ஆனால் அந்த நீளம் கம்பைல் நேரத்திலேயே தெரிந்த மாறிலியாக இருக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் ரிசர்ச்சும் பிரான்சின் இன்ரியாவும் வளர்த்த எஃப்-ஸ்டார், சிறு நிரூபணங்களில் பெரும்பகுதியை இசட்3 என்ற தானியங்கித் தீர்ப்பானிடம் ஒப்படைக்கிறது. அதில் எழுதிச் சரிபார்த்து, சி மொழிக்கு மாற்றப்பட்ட மறையாக்க நிரல் 2017-இல் ஃபயர்ஃபாக்ஸ் 57-ஆம் பதிப்பில் சேர்ந்தது.