கருப்பன் வாயிலும் மர்ம தேசமும்

ஆனையூரில் வாழும் எங்களுக்கு அழகர்மலை அயலிடம் அன்று. அம்மலையடிவாரத்துக் கோயிலின் கோபுர வாயிலில் பதினெட்டாம்படிக் கருப்பன் குடிகொண்டிருக்கிறான். அங்கே சிலை கிடையாது. சந்தனம் பூசிய பெருங்கதவுகளே தெய்வம். கொடுத்த கடனை மறுத்தவனும், திருட்டுப் பழி சுமந்தவனும் அக்கதவின் முன் நின்று சத்தியம் செய்வதுண்டு. பொய் சொன்னவனைக் கருப்பன் விடான் என்பது இந்நாட்டார் நம்பிக்கை. கச்சேரியும் வக்கீலும் வருமுன்னரே வழக்குத் தீர்த்த இடம் அது.

அந்த அச்சத்தைத் தொலைக்காட்சிக் கதையாக்கியவர் இந்திரா சௌந்தர்ராஜன். 1958 நவம்பர் 13-ஆம் நாள் பிறந்தவர். மதுரையை வாழ்விடமாகக் கொண்டவர். சௌந்தர்ராஜன் என்னும் தம் பெயருக்கு முன்னே அன்னையின் பெயரைச் சேர்த்துக்கொண்டார். வார இதழ்களிலும் மாத நாவல்களிலும் எழுதிப் பழகிய கை அவருடையது. அடுத்த இதழ் வரும்வரை வாசகனைக் காத்திருக்கச் செய்யும் வித்தையை அங்கேதான் கற்றார்.

1990-களின் நடுவில், இயக்குநர் கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் நிறுவனம் ‘மர்ம தேசம்’ வரிசையைத் தொடங்கியது. நாகா இயக்கிய ‘ரகசியம்’ முதலில் வந்தது. சித்தர் செய்த நவபாஷாண லிங்கமும், பைரவரைப் பற்றிய அச்சமும் அதன் பொருள். அடுத்து வந்தது ‘விடாது கருப்பு’. ‘விட்டுவிடு கருப்பா’ என்னும் அவர் நாவலே அதற்கு மூலம். சிற்றூர் ஒன்றில் தவறு செய்தவர்கள் மாண்டுபோகிறார்கள். கருப்பனே தண்டித்தான் என்கிறது ஊர். அவ்வூருக்கு வந்த படித்தவர்களோ ஐயுறுகிறார்கள். ஒரே மனிதனுள் இருவர் வாழும் மனநோயும் கதையில் இடம்பெறுகிறது.

இவர் மூடநம்பிக்கையை வளர்த்தார் என்று குறை கூறுவோர் உண்டு. அக்குறை முற்றிலும் பொய்யன்று. பிற்காலத் தொடர்கள் சிலவற்றில் அற்புதமே ஆராய்ச்சியை விழுங்கிவிடுவதை யானும் கண்டிருக்கிறேன். ஆயினும் ‘விடாது கருப்பு’ கேட்ட கேள்வி வேறு. தெய்வம் உண்டா என்பதன்று அது. தெய்வத்தின் பெயரால் அரிவாளை ஓங்குபவன் யார் என்பது. ஊரே ஒப்புக்கொண்ட தண்டனையைக் கொலை என்று சொல்வதற்குத் துணிவு வேண்டும். காவல் தெய்வத்தைப் பழிக்காமலே அதைச் சொன்னதுதான் அவருடைய சாமர்த்தியம். மேனாட்டுத் துப்பறியும் கதையில் குற்றவாளி அகப்பட்டதும் இருள் நீங்கிவிடும். இவருடைய கதையிலோ கொலைக்கு விடை கிடைத்த பின்னரும் எல்லைக் கருப்பன் தன் இடத்திலேயே நிற்பான்.

பின்னர் நாடி சோதிடத்தை வைத்துச் ‘சிதம்பர ரகசியம்’ எழுதினார். திரைப்படங்களுக்கும் எழுதினார், தேவதாசி வாழ்வைச் சொன்ன ‘சிருங்காரம்’ அவற்றுள் ஒன்று. 2024 நவம்பர் 10 அன்று மதுரையில் காலமானார். அறுபத்தாறு வயது நிறைய மூன்று நாட்களே இருந்தன.