வீதிக் குற்றப்பணமும் நீதிமன்றின் வறுமையும்: கலிபோர்ணிய அனுபவம் பற்றிய ஒரு நோக்கு

நீதி பரிபாலன வரலாற்றை எழுதப் புகுந்தோரிற் பெரும்பாலார் பெருவழக்குகளையே தம் ஆய்வுக்குரியனவாகக் கொண்டனர். அரசியலமைப்பு வழக்குகளும் கொலை வழக்குகளும் நூல்களில் இடம்பெற்ற அளவுக்குச் சில்லறை வழக்குகள் இடம்பெறவில்லை. ஆயின், சாதாரணக் குடிமகன் ஒருவன் தன் வாழ்நாளில் நீதிமன்றப் படியேற நேர்வது பெரும்பாலும் இச்சில்லறை வழக்குகளின் நிமித்தமே. சிவப்பு விளக்கைக் கடந்தமை, விதித்த வேகத்துக்கு மேலாக வாகனஞ் செலுத்தியமை, அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்கத் தவறியமை ஆகியனவே அவனை அங்குக் கொண்டு சேர்க்கின்றன. ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலத்தில் 2008ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியை ஒட்டிய காலத்தில் ஆண்டுதோறும் தாக்கலான வழக்குகளுட் பாதிக்கு மேற்பட்டவை இத்தகையனவே. அந்நெருக்கடியின்போது நீதிமன்றங்களின் பணமும் ஆளணியும் வெட்டப்பட்டன. அவ்வெட்டு இச்சிறு வழக்குகளை எங்ஙனம் பாதித்தது, அதனால் நீதிமன்றம் என்னும் நிறுவனத்தின் இயல்பே எவ்வாறு திரிந்தது என்பனவே ஈண்டு ஆராயப்படுகின்றன.

நெருக்கடி வருமுன்னரே வீதிக் குற்ற விசாரணை மிக ஒடுங்கிப்போயிருந்தது என்பதை முதலில் மனங்கொள்ள வேண்டும். 1968இல் கலிபோர்ணியச் சட்டமன்றம் சிறையில்லாத சிறுகுற்றம் என்னும் புதிய வகையொன்றைத் தோற்றுவித்தது. சிறைத் தண்டனை இல்லையாதலால் யூரி விசாரணையும் அரச செலவிற் சட்டத்தரணியும் வேண்டியதில்லை என விதிக்கப்பட்டது. அடுத்து வழக்குத் தொடுநரும் மறைந்தார். குற்றஞ்சாட்டும் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருபுறமும் சாரதி மறுபுறமும் நிற்க, நீதிபதியே இருவரையும் வினாவித் தீர்ப்பளிக்கும் வழக்கம் ஏற்பட்டது. இவ்வழக்கம் நடுநிலைக்கு முரணானதன்று என மாநில உயர் நீதிமன்றம் 1979இல் கார்லுச்சி வழக்கில் ஏற்றுக்கொண்டது. ஆகவே 2009இல் வெட்டு வந்தபோது இவ்விசாரணையில் வெட்டுவதற்கு எஞ்சியிருந்தவை மூன்றே: கட்டிடம், எழுதுவினைஞர், நீதிபதியின் நேரம்.

விசாரணை இவ்வாறு ஒடுங்கிவரக் குற்றப்பணமோ பெருகிவந்தது. அது பெருகிய விதம் கவனிக்கத்தக்கது. சாரதிப் பயிற்சிக் கல்விக்கான பணத்தைத் திரட்டும் பொருட்டு 1953இற் குற்றப்பணத்தின்மீது மேலதிகக் கட்டணம் ஒன்று முதன்முதலில் ஏற்றப்பட்டது. வீதியில் தவறிழைத்தவன் வீதிக் கல்விக்குப் பணங் கொடுப்பது பொருத்தமானதே எனப் பலருக்குந் தோன்றியிருக்கும். எனினும், ஒருமுறை திறந்த வழி பின்னர் அடைக்கப்படவில்லை. வரியை உயர்த்த அஞ்சிய சட்டமன்றம், புதிய செலவு எழும்போதெல்லாம் இவ்வழியையே நாடியது. 2015ஐ ஒட்டிய காலத்தில் நூறு டொலர் மூலக் குற்றப்பணம் கொண்ட ஒரு தவறுக்குச் சாரதி செலுத்த வேண்டியிருந்த தொகை 490 டொலர். மூலக் குற்றப்பணத்தோடு மாநில மேல்வரி 20, மாநிலக் கட்டணம் 100, கவுண்டிக் கட்டணம் 70, நீதிமன்றக் கட்டிட நிதிக்கு 50, மரபணுப் பரிசோதனைக்கு இருவேறு தலைப்புகளில் 50, அவசர மருத்துவத்துக்கு 20, ஆகாயவழி நோயாளர் போக்குவரத்துக்கு 4, நீதிமன்ற அலுவல்களுக்கு 40, குற்றத்தீர்ப்புக் கட்டணம் 35, இரவு நீதிமன்றத்துக்கு 1 என்பன சேர்ந்தே இத்தொகை எழுந்தது. சிவப்பு விளக்கைக் கடந்தவனுக்கும் மரபணுப் பரிசோதனைக்கும் யாது தொடர்பு என வினவுவார்க்கு இப்பட்டியலில் விடையில்லை. நூறு டொலர் மாத்திரமே அவன் தவற்றுக்குரியது. எஞ்சிய 390 டொலரும் வரி என்னும் பெயர் தரியாத வரியெனக் கொள்வதே பொருந்தும்.

நீதிமன்றங்களைப் பேணும் பொறுப்பு நீண்டகாலம் பெருமளவுக்குக் கவுண்டிகளிடமே இருந்தது. வளமிக்க கவுண்டியில் நீதி விரைவாகவும் வறிய கவுண்டியிற் தாமதமாகவுங் கிடைக்கும் ஏற்றத்தாழ்வை நீக்கும் நோக்குடன் 1997ஆம் ஆண்டுச் சட்டம் அப்பொறுப்பை மாநிலத்திடம் ஒப்படைத்தது. மறுவருடம் மக்கள் வாக்களித்து ஏற்ற திருத்தத்தின்படி சிறு வழக்குகளை விசாரித்த நகர நீதிமன்றங்கள் மேல்நிலை விசாரணை நீதிமன்றங்களோடு இணைக்கப்பட்டன. 2001இல் 58 கவுண்டிகளிலும் இவ்விணைப்பு நிறைவெய்தியது. சீர்திருத்தம் நல்ல நோக்குடையது என்பதில் ஐயமில்லை. எனினும் 58 கிணறுகளில் நீரிறைத்த இடத்தில் இப்போது ஒரே குளம் இருந்தது. அக்குளம் வற்றியபோது அனைவருக்குந் தாகம் ஒருங்கே வந்தது.

2009 செப்டெம்பர் தொடக்கம் அடுத்த ஆண்டின் நடுப்பகுதிவரை மாதந்தோறும் மூன்றாம் புதன்கிழமையில் மாநிலமெங்கும் நீதிமன்றங்கள் மூடப்பட்டன. 2010 மார்ச்சில், நாட்டின் மிகப் பெரிய விசாரணை நீதிமன்றமாகிய லொஸ் ஏஞ்சல்ஸ் நீதிமன்றம் 329 ஊழியரை வேலைநீக்கஞ் செய்தது. 2012-13ஆம் நிதியாண்டளவில் விசாரணை நீதிமன்றங்கள் இழந்த நிரந்தர நிதி ஆண்டொன்றுக்கு 70 கோடி டொலரைத் தாண்டியது. சிக்கனமாக நடந்து சேமிப்பு வைத்திருந்த நீதிமன்றங்களும் தப்பவில்லை. ஆண்டு நிதியில் நூற்றுக்கு ஒரு வீதத்துக்கு மேற் சேமிப்பை வைத்திருத்தலாகாது என 2012இற் சட்டமியற்றப்பட்டது. இவற்றுள் நகைப்புக்கிடமானது வேறொன்று. புதிய நீதிமன்றக் கட்டிடங்களை எழுப்புவதற்கெனவே 2008இற் குற்றப்பணக் கட்டணங்கள் உயர்த்தப்பட்டிருந்தன. அந்நிதியிலிருந்து நூறு கோடி டொலருக்கும் அதிகமான தொகை வேறு செலவுகளுக்குத் திருப்பப்பட்டது. கட்டிடத்துக்கெனச் சாரதியிடம் பணம் பெறப்பட்டுக்கொண்டிருக்க, இருந்த கட்டிடங்கள் ஒவ்வொன்றாய்ப் பூட்டப்பட்டன.

பூட்டப்பட்டவை பெரும்பாலும் ஊர்ப்புறத்துச் சிறு நீதிமன்றங்கள். பிரெஸ்னோ கவுண்டி 2012இல் கொலிங்கா, பயர்போ, ரீட்லி முதலிய ஏழு ஊர்களின் நீதிமன்றங்களை ஒருங்கே மூடியது. பண்ணைத் தொழிலாளர் நிறைந்த ஊர்கள் இவை. கொலிங்காவிலிருந்து பிரெஸ்னோ நகரம் ஏறத்தாழ 60 மைல். லொஸ் ஏஞ்சல்ஸில் 2013இல் விற்றியர், ஹன்ரிங்ரன் பார்க், மலிபு முதலிய இடங்களின் நீதிமன்றங்கள் மூடப்பட்டு, வீதிக் குற்ற வழக்குகள் சில மையங்களிற் குவிக்கப்பட்டன. எல்லாவற்றினுங் கொடியது சான் பேர்ணாடினோ கவுண்டியின் நிலை. இலங்கைத் தீவின் பரப்பில் நாலில் மூன்று பங்கினும் பெரிதான அக்கவுண்டியின் கிழக்கெல்லையில், கொலராடோ ஆற்றங்கரையில் நீடில்ஸ் என்னும் சிற்றூர் உள்ளது. அதன் நீதிமன்றம் 2013இல் மூடப்பட்டபோது அவ்வூரார் பாலைநிலத்தைக் கடந்து விக்டர்வில் நகருக்கு ஒரு வழிக்கு 170 மைலுக்கும் மேற் செல்ல வேண்டியதாயிற்று. பொலிசார் தரும் தண்டப்பத்திரத்திற் சாரதி இடும் ஒப்பம் குற்ற ஒப்புதலன்று. குறித்த நாளில் நீதிமன்றில் தோன்றுவேன் என்னும் வாக்குறுதியே. வாக்குறுதியை ஏற்ற நீதிமன்றம் எட்டாத் தொலைவுக்குப் போய்விட்டபோதும் அது சாரதியை மட்டும் கட்டிவைத்தது.

ஆளணிக் குறைவின் விளைவு கட்டிடத்தோடு நின்றதன்று. கருமபீடங்கள் திறந்திருக்கும் மணித்தியாலங்கள் சுருங்கின. வரிசைகள் நீண்டன. விசாரணை வேண்டுமென்பவன் ஒருநாட் கூலியை, சிலபொழுது இருநாட் கூலியை இழந்தான். கடித மூலம் மறுப்புரைக்கும் முறையொன்று சட்டத்தில் இருந்ததாயினும் முழுத் தொகையையுங் கடிதத்தோடு முற்பணமாக அனுப்ப வேண்டும். வென்றால் அது திருப்பித் தரப்படும். குறித்த நாளைத் தவறவிட்டவனுக்குப் பல கவுண்டிகளில் நிலைமை இன்னுங் கடுமையானது: பணத்தை முற்றாகச் செலுத்தினாலன்றி நீதிபதியின் முன் நிற்கவே இடமில்லை. பணத்தைக் கொடுத்து முடித்தவன்தான் தான் கொடுக்க வேண்டியதில்லை என வாதாடலாம் என்னும் இவ்வழக்கத்தை எந்த நீதித் தத்துவத்தாலும் நியாயப்படுத்தல் அரிது. செலவைக் கணக்கிடும் எழுதுவினைஞரின் நோக்கில் மாத்திரம் அது நியாயமாகத் தோன்றும். ஏனெனில் பணங் கட்டி முடிந்த வழக்கு மறுபடி வருவது குறைவு.

நாளைத் தவறவிட்டமைக்காக 300 டொலர்வரை மேலும் அறவிடலாம். 490 டொலர் இவ்வாறு 790 டொலர்வரை உயர்ந்தது. இந்த 300 டொலர் சென்றடைந்த இடமே இக்கட்டுரையின் மையப் பொருள் எனலாம். அது விசாரணை நீதிமன்றங்களின் செலவுக்கே திரும்பி வந்தது. மாநிலம் கைவிட்ட நிலையில் ஊழியருக்குச் சம்பளம் கொடுப்பதற்கு நீதிமன்றம் நம்பியிருந்த வருவாய்களுள் இதுவும் ஒன்று. மக்கள் தோன்றத் தவறினால் நீதிமன்றம் இலாபமடையும்; நீதிமன்றம் தொலைவிற் சென்றால் மக்கள் தோன்றத் தவறுவர். நீதிபதிகள் வேண்டுமென்றே இதனைச் செய்தனர் எனக் கூறுதல் பொருந்தாது. அவர்களுட் பலர் வெட்டுகளைக் கடுமையாக எதிர்த்தவர்கள். ஆயினும் அமைப்பு அவர்களை அவ்வாறு நிறுத்தியது.

இவ்வாபத்து அமெரிக்கச் சட்ட வரலாற்றுக்குப் புதியதன்று. மதுவிலக்குக் காலத்தில் ஒகாயோ மாநிலத்துச் சிற்றூர் மேயர் ஒருவர் தாமே நீதிபதியாயிருந்து, குற்றவாளியெனத் தீர்த்த ஒவ்வொரு வழக்கிலும் 12 டொலர் கைக்கொண்டார். இது நேர்மையான விசாரணை ஆகாதென அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் 1927இல் ரூமி வழக்கிற் தீர்ப்பளித்தது. அதே மாநிலத்து மொன்ரோவில் என்னும் ஊரிலோ மேயர் தமக்கென எதனையும் எடுக்கவில்லை. ஆனால் அவர் விதித்த குற்றப்பணமும் கட்டணங்களும் 1964இல் ஊர் வருவாயில் ஏறத்தாழப் பாதியாயிருந்தன. தனக்காயினும் தன் நிறுவனத்துக்காயினும் தண்டத்திலிருந்து வருவாயை எதிர்பார்ப்பவன் நடுநிலையாளன் ஆகான் என்னும் கருத்தை 1972இல் அவ்வழக்கு நிலைநாட்டியது. அவ்வழக்கும் வீதிக் குற்ற வழக்கே என்பது குறிப்பிடத்தக்கது. இவ்விரு தீர்ப்புகளையும் கற்ற நீதிபதிகள் வீற்றிருந்த கலிபோர்ணிய மன்றங்களில், நிதி அமைச்சின் கணக்கேடு அதே நிலையை வேறொரு வாயிலாற் கொண்டுவந்து சேர்த்தது.

பணங் கட்டாதவனின் சாரதி அனுமதிப்பத்திரம் இடைநிறுத்தப்பட்டது. இச்சட்டம் நெருக்கடிக்கு முந்தியது. அதனை வெட்டின் விளைவெனக் கூறலாகாது. ஆனால் வெட்டு அதற்கு இரையைப் பெருக்கியது. சட்ட உதவி அமைப்புகள் சில 2015இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2006 முதல் 2013 வரை தோன்றத் தவறியமைக்காகவும் பணஞ் செலுத்தத் தவறியமைக்காகவும் 42 இலட்சம் இடைநிறுத்தங்கள் நிகழ்ந்தன. மீளப் பெறப்பட்டவை ஏறத்தாழ 70,000 மாத்திரமே. பேருந்து குறைந்த மாநிலத்தில் வாகனமின்றித் தொழிலில்லை; தொழிலின்றிக் கடன் தீராது. மாநிலம் முழுவதிலும் அறவிடப்படாத நீதிமன்றக் கடன் 1000 கோடி டொலரைத் தாண்டியிருந்ததில் வியப்பில்லை.

அச்சுறுத்தல் இல்லாதவிடத்து நடப்பது யாது என்பதற்கும் லொஸ் ஏஞ்சல்ஸே சான்று தருகின்றது. சந்திகளிற் பொருத்திய கமராக்கள் படம்பிடித்து அனுப்பிய தண்டப்பத்திரங்களைச் செலுத்தாதோர் பெயரை அந்நீதிமன்றம் வாகனத் திணைக்களத்துக்கு அறிவிப்பதில்லை. இச்செய்தி பரவியதும் பணஞ் செலுத்துவது விரும்பினோர் செய்யும் தானம் போலாயிற்று. 2011 ஜூலையில் நகரசபை அத்திட்டத்தையே கைவிட்டது. ஆகவே தண்டத்தை வற்புறுத்தல் கூடாதென்பது இங்கு வாதமன்று. வற்புறுத்துபவர் யார், அதனால் அவர் பெறுவது யாது என்பதே வினா.

மாற்றம் வெளியிலிருந்து வந்தது. மிசூரி மாநிலத்துப் பேர்கசன் நகரில் 2014இல் எழுந்த கொந்தளிப்பின் பின்னர், மத்திய நீதித் திணைக்களம் 2015 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கை, அந்நகரின் பொலிசும் நீதிமன்றமும் வருவாய்க்காகவே இயங்கியதை வெளிப்படுத்தியது. கலிபோர்ணியாவில் பலரின் பார்வை தம் மாநிலத்தின்மீது திரும்பியது. பணத்தை முன்வைக்காமலே நீதிபதியின் முன் தோன்றலாம் என்னும் விதியை, பிரதம நீதியரசர் தானி கந்தில்-சக்காவுயேயின் தலைமையிலான நீதித்துறைப் பேரவை 2015 ஜூனில் அவசரமாக இயற்றியது. ஒருவன் கேட்கப்படுவதற்கு உரியவன் என்பதை நினைவூட்டவும் ஓர் அவசர விதி வேண்டியிருந்தது. அதே ஆண்டு ஒக்டோபரில் மன்னிப்புத் திட்டம் தொடங்கியது. பழைய கடன்களில் 50 வீதமும், வறியோர்க்கு 80 வீதமும் தள்ளப்பட்டன. பணஞ் செலுத்தாமைக்காக அனுமதிப்பத்திரத்தை இடைநிறுத்தும் வழக்கம் 2017இல் ஒழிந்தது. 2022ஆம் ஆண்டுச் சட்டம் 300 டொலர் உச்சத்தை 100 டொலராகக் குறைத்து, அதற்கு முன் விதிக்கப்பட்டு எஞ்சிய இவ்வகைக் கடன்களை அறவிட இயலாதனவாக்கியது. வருங்காலத்தில் இப்பணம் மாநிலப் பொதுநிதிக்கே செல்லுமெனவும் விதித்தது. கட்டணக் குறைப்பினும் இக்கடைசி ஏற்பாடே பெரிய மாற்றம். நீதிமன்றத்தின் கை உண்டியலிலிருந்து அப்போதுதான் எடுக்கப்பட்டது.

நூறு டொலர்க் குற்றத்தைப் பன்மடங்காக்கும் கட்டணப் பட்டியல் மாத்திரம் இம்மாற்றங்களால் ஒழியவில்லை. மூடிய கருமபீடங்களுக்கு மாற்றாக, வறுமை காரணமாகக் குறைப்புக் கோருவதற்கும் தவணை கேட்பதற்கும் இணையவழி ஏற்பாடொன்று சில கவுண்டிகளிற் பரீட்சிக்கப்பட்டு, 2021ஆம் ஆண்டுச் சட்டத்தால் மாநிலம் முழுவதற்கும் விரிக்கப்பட்டது. பாலைநிலத்து ஊரிலிருக்கும் சாரதி தன் வருமானத்தைத் திரையில் நிரப்பி அனுப்பினால், தொகையைக் குறைப்பது பற்றிய முடிவு அவனைத் தேடி வரும். அவன் விளக்கைக் கடந்தபோது அது சிவப்பாயிருந்ததா, மஞ்சளாயிருந்ததா என்னும் வினாவுக்கு அப்படிவத்தில் இடமில்லை.